மீன் லொறிக்குத் தெரிந்த பாதை

2025 ஆகஸ்ட் 17ஆம் திகதி தபால் ஊழியர்கள் பணிப்புறக்கணிப்பில் இறங்கினார்கள். மேலதிக நேரக் கொடுப்பனவு, கைரேகை வரவுப்பதிவு என்று அவர்களிடம் ஒரு கோரிக்கைப் பட்டியல் இருந்தது. அதில் எது நியாயம், எது இல்லை என்பது வேறு பேச்சு. ஒரு வாரம் கடிதம் ஓடவில்லை. அந்த ஒரு வாரத்துக்குள் நாடு முழுக்க நிபுணர்கள் முளைத்துவிட்டார்கள். தபாலை இழுத்து மூடு, எல்லாவற்றையும் கூரியரிடம் கொடு, தனியார் என்றால் வேகம், தனியார் என்றால் பொறுப்பு என்று தேநீர்க்கடை முதல் முகநூல் வரை ஒரே பல்லவி. கொழும்பு ஏழில் இருப்பவர் பாடினால் பாடிவிட்டுப் போகட்டும், அவர் வீட்டு வாசலில் வந்து மணி அடிக்கிறார்கள். கற்பிட்டிக் குடாநாட்டில் இருப்பவரும் கூடச் சேர்ந்து பாடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. பாலாவிச் சந்தியில் திரும்பினால் கற்பிட்டி நகரம் ஏறத்தாழ 40 கிலோமீற்றர். அந்தப் பாதை நெடுக, வாசலுக்குக் கூரியர் வந்த கதையைவிடச் சந்திக்கு வரச்சொல்லிக் கூப்பிட்ட கதைதான் அதிகம் காதில் விழுகிறது. அப்படியிருந்தும் நம்பிக்கை மட்டும் தேய்ந்தபாடில்லை.

இந்த நம்பிக்கைக்குப் பதில் சொல்ல ஒரு மீன் லொறி போதும். கற்பிட்டியிலும் கண்டக்குழியிலும் கரைக்கு வருகிற மீன், ஐஸ் போட்ட பெட்டிகளில் ஏறி, பாலாவி வழியாகச் சிலாபம், நீர்கொழும்பு தாண்டி, விடியுமுன் பேலியகொடைச் சந்தையில் இறங்குகிறது. தூரம் ஏறத்தாழ 160 கிலோமீற்றர். பெட்டிக்குப் பார்கோட் கிடையாது. 'உங்கள் மீன் தற்போது மாதம்பையைக் கடக்கிறது' என்று குறுஞ்செய்தி கிடையாது. மூடியின் மேல் மையால் கிறுக்கிய இரண்டு எழுத்து, அவ்வளவுதான் முகவரி. ஐஸ் உருகி லொறியின் பின்கதவால் சொட்டிக்கொண்டே போகும். சொட்டு நிற்பதற்குள் சரக்குப் போய்ச் சேர வேண்டும், சேர்ந்துவிடுகிறது. 2011இல் மொத்த மீன் சந்தையே கொழும்பு சென்ஜோன்ஸிலிருந்து பேலியகொடைக்கு இடம் மாறியது. அப்போதுகூட 'முகவரி தவறு' என்று எழுதி ஒரு பெட்டி மீனை யாரும் கற்பிட்டிக்குத் திருப்பி அனுப்பவில்லை. ஆனால் அதே கொழும்பிலிருந்து அதே பாதையால் வரவேண்டிய ஒரு சோடிச் சப்பாத்து நாலு நாள் புத்தளத்தில் படுத்துக் கிடக்கிறது. போகும்போது ஓர் இரவு, வரும்போது ஒரு வாரம் என்றால் குற்றம் பாதையிலா இருக்கிறது? நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி தென்னாப்பிரிக்காவிலிருந்து கப்பலேறி வந்துவிடுகிறது. அந்த நிலையத்தின் புகைபோக்கி தெரிகிற வீட்டுக்குப் பன்னிப்பிட்டியிலிருந்து ஒரு பார்சல் வர மட்டும் ஊர் 'தூரமாம்'.

முகவரி சரியில்லை என்பதுதான் கூரியர்காரர் முதலில் நீட்டும் சாட்டு. ஊர்ப் பக்கத்து வீடுகளுக்கு இலக்கம் இல்லை, தெருவுக்குப் பெயர் இல்லை, எப்படிக் கண்டுபிடிப்பதாம்? புத்தளத்துக்கு 61300, கற்பிட்டிக்கு 61360, சிலாபத்துக்கு 61000 என்று அரசாங்கம் எப்போதோ இலக்கம் கொடுத்துவிட்டது. அதையும் முகவரியோடு எழுதித்தான் கொடுக்கிறோம். எழுதி என்ன? வந்துசேரும் சாம்பல் நிறப் பையை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். அச்சிட்ட முகவரியின் மேலேயே தடித்த மார்க்கரால் தொலைபேசி இலக்கத்தைக் கொட்டை எழுத்தில் எழுதியிருப்பார்கள். அந்த மைக்குக் கீழே ஊர்ப்பெயர் பாதி தெரியும், பாதி தெரியாது. முகவரியை வாசிக்கிற எண்ணமே இல்லாதவர் முகவரியைக் குறை சொல்கிறார்! 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் இந்தக் கரையில்தான் கிடுகுக் கொட்டில்களில் வந்து குந்தினார்கள். அந்தக் கொட்டில்களுக்கு எந்த இலக்கம் இருந்தது, எந்தத் தெரு இருந்தது? ஆளின் பெயரும் தகப்பன் பெயரும் முகாமின் பெயரும் எழுதிய கடிதங்கள் சவூதியிலிருந்தும் குவைத்திலிருந்தும் வந்து கொட்டில் வாசலில் சேர்ந்தன. கொண்டுவந்தவர் சைக்கிளில் வந்த தபாற்காரர். அவர் கையில் வரைபடம் இருக்கவில்லை, ஊரைத் தெரிந்துவைத்திருந்தார். ஒரே பாதையில் ஆண்டுக்கணக்காகப் போய்வருகிறவருக்கு யார் வீட்டுக் கடப்பு எது என்று தெரியாமல் இருக்குமா? மூன்று மாதத்துக்கு ஒரு பையனை மாற்றுகிற கொம்பனிக்கு அந்த அறிவு எங்கேயிருந்து வரும்?

மீன் லொறியும் தனியார்தானே, அப்படியானால் உன் வாதம் உன்னையே கடிக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். கேட்கட்டும், நல்ல கேள்வி. லொறி தனியார் என்பதற்காகவா ஓடுகிறது? பிந்தினால் யாருக்கு நட்டம் என்பது அங்கே பட்டப்பகல் போலத் தெரியும். இரண்டு மணித்தியாலம் பிந்தினால் விலை விழும், நாலு மணித்தியாலம் பிந்தினால் மீனே விழும். மறுநாள் கரையில் அந்த லொறிக்காரனுக்குப் பெட்டி ஏற்ற ஆள் இருக்காது. பார்சல் பிந்தினால் கூரியர் கொம்பனிக்கு என்ன குறைகிறது? இன்னொன்றையும் நாம் மறந்துவிடுகிறோம்: கூரியரின் வாடிக்கையாளர் நாம் இல்லை. கொழும்பிலிருந்து பொருளை விற்கிற வியாபாரிதான் அவர்களோடு ஒப்பந்தம் போட்டவர். கட்டணம் நம் தலையில் ஏறினாலும் பேரம் பேசியவர் அவர். நாம் அந்த வியாபாரத்தில் ஒரு தொலைபேசி இலக்கம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆகவே தனியார் என்றால் பொறுப்பு என்று வாய் கூசாமல் சொல்பவர்கள் யாருக்குப் பொறுப்பு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குடாநாட்டில் பார்சல் குறைவு, ஒன்றிரண்டைக் கொண்டுவந்து கட்டாது என்று இன்னொரு சாட்டு. கட்டாது என்றால் 'நாடு முழுக்க வீட்டு வாசலில்' என்று எதற்கு விளம்பரம்? வாசல் வரை என்று காசு வாங்கிவிட்டு, சந்தியிலிருந்து வாசல் வரைக்குமான முச்சக்கரவண்டிக் கூலியை வாங்குபவரின் பையிலிருந்து எடுப்பதற்கு வியாபாரம் என்று பெயர் வைக்கக் கூடாது.

பார்சலோடு வருகிற பையனைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி, மோட்டார் சைக்கிளும் பெற்றோலும் அவன் செலவு என்றால், ஒற்றைப் பொதிக்காக தலவில வரையும் கண்டக்குழி வரையும் அவன் ஏன் ஓட வேண்டும்? ஓடாமல் இருப்பதற்கு அவனுக்கு ஒரு பொத்தான் கொடுத்திருக்கிறார்கள். தொலைபேசி ஒருதரம் அடித்து நின்றதும் 'கஸ்டமர் எடுக்கவில்லை' என்று அழுத்தலாம். இரண்டாம் நாள் 'வீட்டில் ஆள் இல்லை'. மூன்றாம் நாள் 'வாங்க மறுத்துவிட்டார்'. வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றவர் கையைக் கழுவி வந்து திருப்பி அழைப்பதற்குள் அவர் மறுத்தவராகிவிட்டார்! பொதி கொழும்புக்குத் திரும்புகிறது. வியாபாரி கோபத்தில் இனி இந்த இலக்கத்துக்குச் சாமான் இல்லை என்கிறார். எந்த மீன் லொறிக்காரனும் இப்படிக் கணக்கு எழுதித் தப்ப முடியாது. பொருளைக் கொடுத்துவிட்டுக் காசு வாங்குவதையும் ஏதோ நேற்றுத் தாங்கள் கண்டுபிடித்தது போலக் கூரியர்காரர்கள் பெருமை பேசுகிறார்கள். இந்தியத் தபாலில் இதே முறையான வி.பி.பி. தொடங்கியது 1877இல்.

மொழிக் கதையையும் இங்கேயே சொல்லிவிடலாம், வேறு இடம் கிடைக்காது. குறுஞ்செய்தி ஆங்கிலத்தில், அழைப்பு சிங்களத்தில், முறைப்பாட்டு இலக்கத்தில் தமிழுக்கு மூன்றை அழுத்தினால் பத்து நிமிடம் பாட்டு. உடப்பிலும் கற்பிட்டியிலும் தமிழில் பேசுகிறவர்கள் காசு கொடுக்கும்போது மட்டும் எந்த மொழியில் கொடுத்தாலும் செல்லும். தபாலகத்திலும் மொழிக் குறை உண்டு. ஆனால் அங்கே மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் இருப்பார், அவரோடு சண்டை பிடிக்கவாவது முடியும். 2022 ஆகஸ்டில் சாதாரணக் கடிதத்தின் முத்திரை 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாக ஏறியபோது நாம் போட்ட கூச்சல் கொஞ்சமா? பார்சலுக்கு அதைப்போலப் பல மடங்கு கட்டிவிட்டு, சந்திவரை நாமே போய் எடுத்துக்கொண்டு, 'சேவை பரவாயில்லை' என்று ஐந்து நட்சத்திரத்தில் நாலைக் குத்துகிறோம். அரசாங்கம் பிந்தினால் சோம்பேறி, கொம்பனி பிந்தினால் நெரிசல். இதில் இன்னொரு கூத்து: 'உங்கள் பொதி தேங்கி நிற்கிறது, இந்த இணைப்பில் காசு கட்டுங்கள்' என்று வருகிற போலிக் குறுஞ்செய்திகள் தபால் திணைக்களத்தின் பெயரில்தான் வந்தன, திணைக்களமே மக்களை எச்சரிக்க வேண்டியிருந்தது. திருடுகிறவனுக்குக்கூட ஊர் எந்தப் பெயரை நம்பும் என்று தெரிந்திருக்கிறது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் புத்தளம் மாவட்டத்தின் பாதைகள் வெள்ளத்தில் மூழ்கியபோது பார்சல் வரவில்லை என்று யாரும் வாய் திறக்கவில்லை, திறக்கவும் கூடாது. வெயில் அடிக்கிற பெப்ரவரியிலும் அதே பதில் வருவதுதான் இங்கே பேச்சு. பேலியகொடையில் மீனை இறக்கிய லொறி விடிந்ததும் வெறும் பெட்டிகளோடு இதே பாதையால் கற்பிட்டிக்குத் திரும்புகிறது. அவசரமாக ஒரு சாமான் வேண்டுமென்றால் கொழும்பில் இருக்கும் சொந்தக்காரரைப் பிடித்து அந்த லொறியில் ஏற்றிவிடச் சொல்வது இந்தக் கரைக்குத் தெரிந்த பழைய வழி. கொஞ்சம் மீன் வாசம் அடிக்கும். பின்னேரத்துக்குள் வந்துவிடும்.