கைதிக்கு வலித்தால்?

நமக்கு முதுகு வலித்தால் டாக்டரிடம் போகிறோம். குணமாகவில்லையா? வேறு டாக்டர்! கைதி எங்கே போவான்? கதவுச் சாவி அதிகாரியிடம் அல்லவா இருக்கிறது!

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலச் சிறை. 1973-ம் ஆண்டு நவம்பர் மாதம். லாரியில் இருந்து பஞ்சுப் பொதி இறக்கிக்கொண்டிருந்த காம்பிள் என்ற கைதி மீது ஒரு பொதி விழுந்தது. முதுகில் அடி. மாத்திரை கொடுத்தார்கள். சில நாள் ஓய்வும் கொடுத்தார்கள். முதுகை எக்ஸ்ரே எடுக்கவில்லை. "வலிக்கிறது, வேலை செய்ய முடியாது" என்றான். தனிக் கொட்டடியில் போட்டார்கள்!

தன் கையாலேயே மனு எழுதி வழக்குப் போட்டான். 1976-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. கடும் நோயுற்ற கைதியை வேண்டுமென்றே கவனியாமல் விடுவது கொடிய தண்டனை. அரசியல் சட்டம் அதைத் தடுக்கிறது என்றது.

நல்ல தீர்ப்புதான். ஆனால், சிறை மருத்துவ அதிகாரி மீது காம்பிள் கூறிய புகார் நிற்கவில்லை! 3 மாதத்தில் 17 தடவை அவனைப் பார்த்திருக்கிறார்கள். எக்ஸ்ரே எடுக்காதது தவறான வைத்தியமாக இருக்கலாம், கொடுமை ஆகாது என்றது கோர்ட்டு.

'வேண்டுமென்றே' என்பதைக் கைதி எப்படி நிரூபிப்பான்? ஆபத்து அதிகாரிக்குத் தெரிந்திருந்தது என்றும் காட்ட வேண்டுமாம். 1994-ல் அதே கோர்ட்டு சொன்னது இது. அதிகாரியின் மனதுக்குள் புகுந்தா பார்க்க முடியும்?

வைத்தியம் ஒழுங்காக நடந்தது என்று சிறைதான் நிரூபிக்க வேண்டும். நோய்ச் சீட்டு முழுவதும் அவர்கள் பெட்டியில்தானே இருக்கிறது!