வள்ளத்துக்கு எந்தக் கருவி?

சிறு வள்ளத்திலே கடல்மேற் செல்வோர்க்கு வழிகாட்டுங் கருவி எது என்று கேட்டால், இந்நாளில் மறுமொழி ஒன்றுதான் கிடைக்கின்றது. சட்டைப்பையைத் தட்டிக் காட்டுகின்றார்கள். அங்கே கைத்தொலைபேசி இருக்கின்றது. அதனுள் உலகப்படம் முழுவதும் அடங்கியிருக்கின்றது. நாம் நிற்கும் இடம் அதில் ஒரு நீலப் புள்ளியாய் ஒளிர்கின்றது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்பது அவர்தங் கருத்து. மாணாக்கரை நெடுந்தீவுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியரும் இக்கருத்தினர் ஆயினமையாலேயே இதனை எழுத நேர்ந்தது.

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குச் செல்லும் பயணிகள் படகைப் பற்றி ஈண்டுப் பேச்சில்லை. அதனைச் செலுத்துவோர் இருபொருளிலுந் துறைபோனவர்கள். நாம் பேசுவது, சிலர் சேர்ந்து வாடகைக்கு அமர்த்துஞ் சிறு வள்ளத்தைப் பற்றி. அதன் ஓட்டியும் கடலறிந்தவரே. அவருக்குக் கருவி வேண்டியதில்லை என்பதும் பெரும்பாலும் உண்மையே. ஆனால், அவ்வோட்டிக்கே நடுக்கடலில் மயக்கம் வந்தால் என் செய்வது? மழை இறங்கி நாற்புறமும் மூடிக்கொண்டால் என் செய்வது? கரை எப்பக்கம் என்று சொல்லத் தக்கவர் இன்னொருவராவது வள்ளத்தில் இருத்தல் வேண்டும். அவர் ஆசிரியராய் இருத்தலே முறை. பெற்றோர் பிள்ளைகளை ஒப்படைத்தது அவரிடத்தில், ஓட்டியிடத்தில் அன்று.

கைத்தொலைபேசியைப் பழித்தல் நம் நோக்கமன்று. அமெரிக்கரின் வழிகாட்டுஞ் செய்மதிகளுள் முதலாவது 1978 ஆம் ஆண்டில் ஏவப்பட்டது. 1995 இல் அவ்வொழுங்கு நிறைவுற்றது. பொதுமக்களுக்குரிய அலையிலே வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையையும் 2000 ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கிவிட்டார்கள். அன்றுதொட்டு, வெளிவானம் தெரியும் இடத்தில் நிற்பவன் தான் நிற்கும் இடத்தைச் சில மீற்றர் பிழையுடன் அறியலாம். தொலைபேசிக் கோபுரத்தின் அலை எட்டாத இடத்திலும் அறியலாம். அலை இல்லையேல் இடங் காட்டாது என்று பலர் எண்ணுவது தவறு. செய்மதிக்கும் கோபுரத்துக்கும் தொடர்பில்லை. அலை இல்லாத இடத்தில் வாராதொழிவது படம் மட்டுமே. ஆதலின், படத்தைக் கரையில் இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொள்ளல் வேண்டும்.

செய்மதிக் கருவி இன்றியமையாத இடமும் ஒன்றுண்டு. நமக்கும் இந்தியாவுக்கும் இடையே 1974 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பாக்குநீரிணையில் ஓர் எல்லைக்கோடு வரையப்பட்டது. அக்கோட்டிற்குக் கடலில் அடையாளம் யாதுமில்லை. நீரின் நிறம் மாறுவதில்லை, அலை வேறுபடுவதில்லை. அகலக்கோடு நெடுங்கோடு என்னும் எண்களிலேயே அஃது இருக்கின்றது. அதனை எண்ணறியுங் கருவியால் அன்றி வேறெதனாலும் அறியவொண்ணாது. நெடுந்தீவுக்கு மேற்கே செல்ல விரும்புவார் இதனை மறத்தலாகாது.

இனி, அக்கருவி சொல்லாதது எது என்று பார்ப்போம். செய்மதி நமக்குத் தருவது இடம், திசையன்று. வள்ளம் ஓடிக்கொண்டிருக்கும்போது, சற்றுமுன் இருந்த இடத்தையும் இப்போது உள்ள இடத்தையும் ஒப்பிட்டு, 'இப்பக்கமாகப் போகின்றாய்' என்று கருவி கணக்கிட்டுச் சொல்கின்றது. இயந்திரம் நின்று வள்ளம் ஓரிடத்தில் ஆடிக்கொண்டிருந்தால் அக்கணக்கு ஓடாது. அம்புக்குறி பம்பரம்போற் சுழலும். வழி தேவைப்படும் வேளையோ பெரும்பாலும் இயந்திரம் நின்ற வேளைதான். தொலைபேசிக்குள்ளும் ஒரு காந்த உணரி உண்டே என்பீர்கள். உண்டு. தொலைபேசியின் ஒலிபெருக்கியிலும் காந்தம் உண்டு. உறையை மூடும் பொத்தானிலும் உண்டு. அவற்றின் நடுவே இருக்கும் உணரியின் சொல்லை எவ்வளவுக்கு நம்புவது?

ஆகவே, திசையறிகருவி ஒன்று தனியே வேண்டும். அது செய்மதிக் கருவிக்குப் பகையன்று, மாற்றுமன்று. இரண்டையும் ஒருங்கு வைத்துப் பார்க்கும்போதுதான் கடலின் இயல்பு விளங்கும். வள்ளத்தின் முகம் எத்திசை நோக்கியிருக்கின்றது என்பதைக் காந்த ஊசி சொல்கின்றது. வள்ளம் உண்மையில் எத்திசையிற் செல்கின்றது என்பதைச் செய்மதிக் கருவி சொல்கின்றது. சோளகம் வீசும்போதோ நீரோட்டம் இழுக்கும்போதோ இவ்விரண்டும் ஒத்திரா. முகம் மேற்கே இருக்கும். செலவு வடமேற்கே இருக்கும். அந்த வேறுபாடே நம்மை இழுத்துச் செல்லும் விசையின் அளவு. ஒரு கருவியை மட்டும் வைத்திருப்பவனுக்கு இவ்வறிவு கிடையாது. அவன் நேரே போவதாக எண்ணிக்கொண்டு பக்கவாட்டிற் போய்க்கொண்டிருப்பான்.

ஒரு பாகை பிழைத்தால் என்ன கெட்டுவிடும் என்பாரும் உளர். 60 மைல் ஓடினால் ஒரு பாகைக்கு ஒரு மைல் விலகும் என்பது மாலுமிகள் கைக்கொள்ளும் எளிய கணக்கு. 6 மைல் தூரத்துக்கு 10 பாகை பிழைத்தாலும் விலகுவது அதே ஒரு மைல். கூப்பிடு தூரத்துக்கு அப்பால் அஃது.

திசையறிகருவி வாங்குவதில் நம்மவர் செய்யும் பிழையொன்றை இங்கே சொல்ல வேண்டும். இலண்டனிலும் கனடாவிலும் உள்ள உறவினர் அன்புடன் வாங்கியனுப்பும் கருவி, வடபுலத்துக்கென நிறைசெய்யப்பட்டது. அங்கே காந்த ஊசியின் வடமுனை கீழ்நோக்கிச் சாயும். அச்சாய்வை ஈடுசெய்ய மற்றைய முனையிலே சிறு பாரம் வைக்கின்றார்கள். நம் நாடோ காந்த நடுக்கோட்டை அடுத்துள்ளது. இந்தியர் கேரளக் கரையிலுள்ள தும்பாவை ஏவுதளமாகத் தேர்ந்தமைக்கும் அக்கோட்டின் அண்மையே காரணம். இங்கே ஊசிக்கு அச்சாய்வு மிகச் சிறிது. ஆதலின், வைத்த பாரமே பாரமாகித் தென்முனை தாழ்ந்து தட்டில் உராயும். மேசைமேற் சுற்றும் ஊசி வள்ளத்தில் ஒட்டிக்கொள்ளும். எல்லாப் புலத்துக்கும் ஏற்றது என்று குறித்திருப்பதை, அல்லது நம் புலத்துக்கென நிறைசெய்ததைக் கேட்டு வாங்குக. தட்டையான நிலப்படக் கருவியிலும், நெய்மத்துள் வட்டத்தட்டு மிதக்குங் கைக்கருவியே ஆடும் வள்ளத்துக்குத் தக்கது. அதனைத் தொலைபேசியோடு ஒரே பையிற் போடாதிருப்பதும் முக்கியம். இயந்திரத்தின் அருகிலும் கத்தியின் அருகிலும் வைத்தலாகாது.

மூன்றாவது, கடற்படம். தொலைபேசியில் உள்ளது தெருப்படம். கடல் அதில் வெறும் நீலம். நம் கடலிலே அறியவேண்டியது ஆழம். தீவுகளைச் சூழ்ந்த நீர் பல இடங்களில் ஆழங்குறைந்தது. பாரும் மணற்றிடலும் உண்டு. எத்தனை பாகம் ஆழம் என்பதைக் கடற்படம் எண்ணிட்டுக் காட்டும். கைத்தொலைபேசியிலும் மெய்யான கடற்படத்தை ஏற்றிக்கொள்ளலாம். அங்ஙனஞ் செய்தவரைப் பாராட்டுகின்றேன். ஆயினும், தாளிலும் ஒரு படி வேண்டும். பழைய தாட்படத்தை எடுப்போர் அஃது எந்த அளவை அடிப்படையில் வரையப்பட்டது என்று ஓரத்திற் பார்த்துக்கொள்க. அடிப்படை வேறாயின், செய்மதி தரும் எண்ணை அதிற் குறித்தால் இடம் விலகி விழும். கையில் ஒரு நெடிய கம்பும் இருக்கட்டும். ஆழம் அறிவதற்கு அதனினும் மலிவான கருவியில்லை. அதற்குப் பற்றரியும் வேண்டா.

கரை தெரியுமே என்பது இன்னொரு நம்பிக்கை. வள்ளத்தில் அமர்ந்திருப்பவன் கண் நீரின்மேல் ஒரு மீற்றர் உயரத்தில் இருந்தால், அவனுக்கு அடிவானம் மூன்றரைக் கிலோமீற்றரில் முடிந்துவிடும். நெடுந்தீவு தாழ்ந்த தீவு. நிலந் தெரியுமுன் பனைகளே தெரியும். மழைமூட்டத்திற் பனையுந் தெரியாது.

தொலைபேசியை நம்புவார்க்கு இன்னுஞ் சில சொற்கள். ஈர விரலை அதன் கண்ணாடி அறிவதில்லை. நண்பகல் வெயிலிற் சூடேறித் தானே அணைந்துவிடும். படம் பிடித்துப் பிடித்தே பாதி மின்னைத் தீர்த்துவிட்டுத் திரும்பும்போது வழி கேட்கும் இளைஞரை என்னென்பது! கையிற் பணமிருப்போர், பொத்தான் உடையதும், கடைகளில் எளிதிற் கிடைக்குஞ் சிறு பற்றரியில் இயங்குவதும், ஒரு மீற்றர் ஆழத்தில் அரைமணிநேரம் கிடந்தாலும் கெடாததுமான தனிச் செய்மதிக் கருவியை வாங்குக. பணமில்லாதார் தொலைபேசியை நீர்புகாப் பையில் இட்டுக் கழுத்திற் கட்டிக்கொள்க.

நம் முன்னோரிடமுங் கருவி இருந்தது. சோழமண்டலக் கரை மாலுமிகள் முடிச்சிட்ட கயிறு கோத்த சிறு பலகையொன்றால் துருவமீனின் உயரத்தை அளந்தமையைக் காங்கிரீவ் என்னும் ஆங்கிலேயர் 1850 இல் சென்னை ஆராய்ச்சி இதழொன்றில் எழுதியிருக்கின்றார். ஒவ்வொரு முடிச்சும் ஒவ்வொரு துறையைக் குறித்தது. யாழ்ப்பாணத்தில் அம்மீன் அடிவானத்துக்கு மேலே ஏறத்தாழ 10 பாகையில் நிற்கும். அப்பலகை வடக்குத் தெற்கு மட்டுமே சொல்லும். கிழக்கு மேற்குச் சொல்லாது. அது சொல்லாததை அவர்கள் அதனிடங் கேட்கவில்லை. ஆழத்தையும் காற்றையும் மண்ணின் நிறத்தையும் கேட்டார்கள். வல்வெட்டித்துறையிற் கட்டிய அன்னபூரணிக் கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையைச் சேர்ந்தபோதும் அதிற் சென்ற நம்மவர் அவ்வறிவின் வழிவந்தவரே.

நம் வகுப்பறைகளில் மீகாமன் என்றால் மாலுமி, கலங்கரை விளக்கம் என்றால் வெளிச்சவீடு என்று பொருளெழுதிப் புள்ளி பெறுகின்றார்கள். அதே மாணாக்கன் கையில் திசையறிகருவியைக் கொடுத்து, அந்த வெளிச்சவீடு எத்தனையாம் பாகையில் நிற்கின்றது என்று கேட்டாற் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கின்றான். அவனைக் குறை கூறுதல் அறமன்று, கேட்டவர் எவருமில்லை. பயணத்துக்கு முதல்நாள் பாடசாலை மைதானத்தில் ஒரு பாடவேளை போதும். கோயிற் கோபுரமும் தண்ணீர்த் தாங்கியும் எத்தனையாம் பாகையில் தெரிகின்றன என்று அளந்து, படத்தில் இரு கோடுகள் இழுக்கச் செய்க. அவை வெட்டும் இடத்தில் மாணாக்கன் நிற்கின்றான். பின்னர்த் தொலைபேசியைத் திறந்து ஒப்பிடுக. மறுநாள் குறிகட்டுவான் இறங்குதுறையை விட்டு வள்ளம் நகர்ந்ததும், போகுந் திசையின் பாகையை ஒரு மாணாக்கன் கொப்பியில் எழுதட்டும். திரும்பும் பாகையை 180 கூட்டியோ கழித்தோ இன்னொருவன் பக்கத்தில் எழுதட்டும். எழுதுவது பென்சிலாய் இருப்பது நன்று. மை நனைந்தாற் கரையும்.