வயிற்றுக்குள் பார்க்கும் குழாய் யாருக்கு?

மரக்காணத்தில் உப்பு வாரும் தொழிலாளியையோ, பெரிய முதலியார்சாவடியிலிருந்து கூலி வேலைக்குப் போகும் பெண்ணையோ கேட்டுப் பாருங்கள். வயிறு எரிந்தால் என்ன வைத்தியம்? ஒரு சோடா, பெட்டிக்கடையில் ஒரு மாத்திரை, அதற்கும் அடங்காவிட்டால் ஓர் ஊசி. விடிந்தால் மீண்டும் வேலை. மாதங்கள் ஓடுகின்றன. கடைசியில் மலம் கறுத்து, உடல் மெலிந்து, சோறு இறங்காத நிலையில்தான் ஆஸ்பத்திரி. "முன்னமே வந்திருக்கக் கூடாதா?" என்று டாக்டர் கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் அதை நோயாளியிடம் மட்டும் கேட்டால் போதுமா?

முன்னமே பார்க்கக் கருவி இருக்கிறது. எண்டோஸ்கோப் என்னும் அந்தக் குழாய் சுண்டுவிரலைவிடப் பருத்ததல்ல, வளைந்து கொடுக்கும். வெறும் வயிற்றோடு போனால், தொண்டையை மரத்துப்போகச் செய்து, வாய் வழியே விடுவார்கள். உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலின் தொடக்கம் எல்லாம் திரையில் தெரியும். பார்ப்பது மட்டுமா? ரத்தம் கசியும் புண்ணுக்குக் கிளிப் போடலாம். கல்லீரல் கெட்டுப் புடைத்த ரத்தக்குழாய்க்கு ரப்பர் வளையம் மாட்டலாம். சந்தேகமான இடத்தில் துளி சதையைக் கிள்ளியெடுத்து, புற்றுநோயா என்று சோதிக்கலாம்.

இது எந்த முதலாளியின் மூளையிலும் உதித்ததல்ல. கண்ணாடி இழைக் கற்றை வழியாக உருவத்தைக் கொண்டுபோகலாம் என்று 1954-ல் லண்டனிலிருந்து எழுதிய இருவரில் ஒருவர், பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. அதைப் படித்த டாக்டர் ஹிர்ஷோவிட்ஸ், அமெரிக்காவில் ஒரு மாணவரும் ஒரு பேராசிரியரும் துணை நிற்கக் கருவி செய்து, 1957-ல் முதலில் தம் தொண்டைக்குள்ளேயே விட்டுப் பார்த்தார். பல நாட்டு உழைப்பில் பிறந்த கருவி இது.

குடற்புண் காரத்தாலும் கவலையாலும் வருவது என்றே முன்பு சொல்லி வந்தார்கள். ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் வாரனும் மார்ஷலும் அதற்குக் காரணமான கிருமியைக் கண்டார்கள். மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமியைத் தாமே குடித்துச் சோதித்தார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. இரண்டு வாரம் மருந்தை விடாமல் சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு அந்தக் கிருமி ஒழிந்துவிடும். இன்னொரு காரணமும் நம் வாழ்க்கையிலேயே இருக்கிறது. இடுப்பு வலிக்கும் முழங்கால் வலிக்கும் கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரைகளே இரைப்பையைப் புண்ணாக்குகின்றன. உழைப்பால் வலி, வலிக்கு மாத்திரை, மாத்திரையால் புண்!

புதுவையில் ஜிப்மர் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. முதலியார்சாவடிக்கு அது பக்கம். மரக்காணத்துக்கோ முப்பது கிலோமீட்டருக்கு மேல். ஆனால் தூரம் மட்டுமா தடை? சீட்டுக்கு ஒரு நாள், சோதனைக்கு ஒரு நாள், முடிவுக்கு ஒரு நாள். துணைக்கு வருபவரின் கூலியும் போகிறது. காப்பீட்டு அட்டை பெரிய சிகிச்சைக்கு உதவலாம். இழந்த கூலியைத் தராது. ஈ.எஸ்.ஐ. உள்ள மில் தொழிலாளி நோயில் படுத்தால் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். ஆண்டுக்கு 91 நாள் வரை. வயலில் குனிந்து நாற்று நடுபவருக்கு அந்தப் பாதுகாப்பு ஏது?

ஆகவே நாம் கோருவது இதுதான். மரக்காணம், வானூர், திண்டிவனம் என்று தாலுகாவுக்கு ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியிலாவது இந்தக் குழாய் வேண்டும். குழாய் மட்டும் வந்தால் அலமாரியில்தான் தூங்கும். பயின்ற டாக்டர் வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் அதை முறையாகக் கழுவிச் சுத்தம் செய்ய ஊழியர் வேண்டும். வந்த நாளிலேயே சோதனை வேண்டும். உப்பளத் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் நோய்க்காலக் கூலி வேண்டும்.

தோழர்களே! மலம் கறுத்தாலும், ரத்த வாந்தி எடுத்தாலும், சோறு இறங்காவிட்டாலும், காரணமின்றி மெலிந்தாலும் சோடாவோடு நிற்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ள மில் தோழர்கள், அட்டை இல்லாத வயல் தோழர்களுக்காகவும் குரல் கொடுங்கள். பசி எல்லா வயிற்றுக்கும் ஒன்றுதான். வைத்தியமும் ஒன்றாகவே இருக்கட்டும்!