கரி படிந்த கோட்டு

சகோதரிகளே, தீயணைப்பு வீரருக்கு ஆபத்து நெருப்பில் மட்டும்தான் என்று நினைக்கிறோம். அவரைக் காப்பாற்றுகிற கோட்டிலும் இருக்கிறதே, தெரியுமோ?

இன்றைக்கு ஒரு வீடு தீப்பிடித்தால் மரமும் துணியும் மட்டுமா எரிகிறது? ஃபோம் மெத்தை, பிளாஸ்டிக் நாற்காலி, நைலான் திரை எல்லாம் சேர்ந்து எரிகிறது. அந்தப் புகையில் பென்சீன் மாதிரி விஷங்கள் உண்டு. அவை கரியோடு கரியாகக் கோட்டில் படிந்து, தோல் வழியாக உடம்பில் இறங்கும். 2022-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, தீயணைப்பு வேலையையே புற்றுநோய் உண்டாக்கும் தொழில்களில் சேர்த்துவிட்டது.

சரி, புதுக் கோட்டு சுத்தம்தானே? இதைத் துருவிக் கேட்டவர் ஒரு மனைவி! அமெரிக்காவில் வூஸ்டர் நகரத்துத் தீயணைப்பு வீரர் பால் காட்டருக்கு 2014-இல் புராஸ்டேட் புற்றுநோய் கண்டது. அவர் மனைவி டயான், 'இந்த உடுப்பில் என்னதான் இருக்கிறது?' என்று விடாமல் கேட்டார். நோட்டர் டேம் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிரஹாம் பீஸ்லி சோதித்துப் பார்த்தார். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாமலிருக்கச் சேர்க்கும் பி.எஃப்.ஏ.எஸ். ரசாயனங்கள் புது உடுப்பிலும் இருந்தன. ஒட்டாத தோசைக்கல் பூச்சும் இந்தக் குடும்பம்தான். லேசில் அழியாதவை இவை. பாலின் நோய்க்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் 2020-இல் ஆராய்ச்சி வெளிவந்தது. 2027 முதல் இவற்றைச் சேர்த்த உடுப்பை விற்கக்கூடாது என்று அந்த மாசசூசெட்ஸ் மாநிலம் 2024-இல் சட்டமே போட்டது.

கரி படிந்த கோட்டை வீரத்தின் அடையாளமாக நினைத்த காலம் போய்விட்டது. தீ அணைந்ததும் அங்கேயே சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, பையில் கட்டி, நிலையத்து மிஷினில் துவைக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டு வரவே கூடாது என்பது அங்கே விதி.

இதில் நமக்கும் பாடம் உண்டு. பெயின்ட் வேலை, பூச்சிமருந்து தெளிக்கும் வேலை, மோட்டார் பட்டறை என்று போய் வருகிறவர்களின் துணியைக் குழந்தைத் துணியோடு ஊறப்போடாதீர்கள். வீட்டுக்குள் உதறாதீர்கள். தனி வாளியில் துவைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அப்பாவைக் கண்டதும் குழந்தை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத்தான் செய்யும். 'குளிச்சு, வேற சட்டை போட்டுக்கிட்டு அப்புறம் தூக்குங்க' என்று சொல்ல வேண்டியவள் நாம்தானே!