அபூர்வ நாணயம், அற்ப வட்டி

நினைவு நாணயம் ஒன்று வெளிவந்தால் போதும், 'இப்போதே வாங்கிப் போடுங்கள், பத்தாண்டில் பத்து மடங்காகும்' என்று ஒரு கூட்டம் கிளம்பிவிடுகிறது. கலைஞர் நூற்றாண்டையொட்டி 2024 ஆகஸ்டில் வெளியான 100 ரூபாய் நாணயம் அண்ணா அறிவாலயத்தில் 10,000 ரூபாய்க்கு விற்றது. எடை 35 கிராம். அதில் பாதிதான் வெள்ளி. அன்றைய விலைக்கு அந்த வெள்ளி 2,000 ரூபாய்கூடப் பெறாது. தலைவர் மீதுள்ள பற்றுக்காகக் கொடுத்த பணமென்றால் கேட்க ஒன்றுமில்லை. பேரப்பிள்ளைகளுக்குச் சொத்து என்று வாங்கியவர்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது.

உலகிலேயே அதிக விலைக்கு ஏலம் போன நாணயத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் 1933-ஆம் ஆண்டு 'டபுள் ஈகிள்', 20 டாலர் தங்க நாணயம். 4,45,500 அடித்தார்கள், ரூஸ்வெல்ட் தங்கப் புழக்கத்தை நிறுத்தியதால் ஏறக்குறைய அத்தனையையும் உருக்கிவிட்டார்கள். தனியார் வைத்திருக்கச் சட்டம் அனுமதிப்பது ஒன்றே ஒன்றைத்தான். காலணி வடிவமைப்பாளர் ஸ்டுவர்ட் வைட்ஸ்மன் 2002-இல் அதைச் சுமார் 76 லட்சம் டாலருக்கு வாங்கினார். 2021 ஜூனில் அது 1.89 கோடி டாலருக்கு விலைபோனது. உலகமே வாய்பிளந்தது. கணக்குப் போட்டவர்கள் சிலரே. 19 ஆண்டுகளில் இரண்டரை மடங்கு; ஆண்டுக்கு ஐந்து சதவீதம்கூட இல்லை! அதே காலத்தில் ஓர் அவுன்ஸ் தங்கம் 300 டாலர் சொச்சத்திலிருந்து 1,850 டாலரைத் தாண்டியது. ஏல மண்டபத்துக்குப் போகாமல் அந்தப் பணத்துக்குத் தங்கக் கட்டி வாங்கி வைத்திருந்தால் நாலரைக் கோடி டாலருக்கு மேல் கிடைத்திருக்கும். அதே ஏலத்தில் வைட்ஸ்மன் விற்ற பிரிட்டிஷ் கயானா தபால்தலை, 2014-இல் கொடுத்த விலையைக்கூடத் திருப்பித் தரவில்லை.

சட்டப்படி தனியார் கையில் ஒன்றே ஒன்றாக இருப்பதன் கதி இது. நம் டப்பாவில் கிடக்கும் காசு எம்மாத்திரம்?

'நல்ல காசாகப் பார்த்து வாங்க வேண்டும், பொறுமை வேண்டும்' என்பார்கள் நாணய வியாபாரிகள். குதிரைப் பந்தயக்காரரும் இதைத்தான் சொல்வார். 1939-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் அபூர்வமானது என்பது உண்மைதான்; அதனாலேயே ஆண்டைத் திருத்திய போலிகளும் உலவுகின்றன. அசலே கையில் இருந்தாலும் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டால் சேகரிப்பாளர் விலையைக் குறைத்துவிடுவார். நூறாண்டு தாண்டிய காசை வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பவும் வழியில்லை; 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. ஆக, விற்பதென்றால் உள்ளூர் வியாபாரிதான் கதி. அவர் விற்கும் விலை வேறு, நம்மிடம் வாங்கும் விலை வேறு. தங்கத்துக்குத் தினமும் காலையில் விலை வருகிறது. உங்கள் காசுக்கு யார் சொல்வது?

இதைவிடக் கேவலமான வியாபாரமும் நடக்கிறது. வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த ஐந்து ரூபாய்க் காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்று கைப்பேசியில் வலை வீசுகிறார்கள். ஆசைப்பட்டுக் கூப்பிட்டால் முதலில் பதிவுக் கட்டணம், பிறகு வரி, பிறகு கமிஷன். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் காட்டியே இது நடந்ததால், தங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே அறிக்கை விட வேண்டியிருந்தது. ஏமாற்றுக்காரனுக்கும் கௌரவமான வியாபாரிக்கும் என்ன வித்தியாசம் என்கிறீர்களா? ஆசை காட்டுவதில் ஒன்றுமில்லை.

காசு சேர்ப்பதே வீண் என்று சொல்லவில்லை. கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த காசுகள் இல்லையென்றால் சங்ககாலச் சேரர் வரலாற்றில் பெரும்பகுதி இருட்டாகவே இருந்திருக்கும். 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, பாண்டியன் பெருவழுதியின் காசைப் படித்தறிந்தது வட்டிக் கணக்குப் பார்த்தல்ல.

முதலீடு என்று சொல்லி நாணயம் விற்பதை அரசு அடியோடு தடைசெய்ய வேண்டும். அதுவரை, உங்கள் பழைய காசுக்கு லட்சம் தருகிறேன் என்று சொல்லி முன்பணம் கேட்பவரிடம் பேரம் பேசாதீர்கள். சைபர் குற்றப் புகார் எண் 1930-ஐ அழையுங்கள்.