ஆற்றங்கரையில் விட்டு வருவது

மழை விட்டு காவிரியில் நீர் தெளிந்ததும் பெங்களூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் வேன்கள் கிளம்பிவிடுகின்றன. பீன்யாவிலும் பொம்மசந்திராவிலும் ஒரே ஷிப்டில் வேலை பார்ப்பவர்கள், ஒரே அலுவலகத்துக் குமாஸ்தாக்கள், ஒரே சீட்டில் சேர்ந்திருக்கும் குடும்பங்கள் ஆளுக்கு இவ்வளவு என்று பணம் போட்டு, அண்டா குண்டானோடு சங்கமத்துக்கும் முத்தத்திக்கும் போகிறார்கள். கையில் கொஞ்சம் காசு புழங்கும் இளைஞர்கள் குடகில் துபாரே வரை சென்று ரப்பர் படகில் ஏறுகிறார்கள். கரையோரத்தில் கூடாரம் போட்டு இரவும் தங்குகிறார்கள். வாரம் ஆறு நாள் இயந்திரத்தோடும் பேரேட்டோடும் மல்லுக்கு நிற்பவன் ஏழாம் நாள் ஆற்றில் இறங்குவதை யாரும் குறை சொல்ல முடியாது.

குறை சொல்ல வேண்டியது அவர்கள் விட்டு வருவதைப் பற்றி. பாட்டில் துண்டுகளையும் பிளாஸ்டிக் பைகளையும் பற்றி அவ்வப்போது பேச்சு எழுகிறது. பத்திரிகைகளும் படம் போடுகின்றன. ஆனால் பாறை மறைவிலும் நாணல் புதரிலும் விட்டு வரும் மலத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பேசக் கூச்சப்படுகிறோம், செய்யக் கூச்சப்படுவதில்லை.

மணலில் குழி தோண்டி மூடிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல கருமண்ணாக இருந்து, நீரிலிருந்து அறுபது மீட்டராவது தள்ளி, அரை முழ ஆழத்தில் புதைத்தால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை மெல்ல மக்கச் செய்யும் என்பது சரிதான். ஆற்று மணலில் அந்தச் சத்தும் குறைவு, அந்த உயிர்களும் குறைவு. புதைத்தது புதைத்தபடியே கிடக்கும். அடுத்த ஞாயிறு அடுப்புக்குக் கல் தேடி மணலைக் கிளறும் இன்னொரு குடும்பத்தின் கையில் அது அகப்படும். அல்லது அணையிலிருந்து நீர் திறக்கும் நாளில் மணலோடு சேர்ந்து புறப்படும். டைபாய்டு, காலரா, மஞ்சள் காமாலையில் ஒரு வகை, எல்லாம் இந்த வழியில் பரவுபவைதான். உருளைப்புழுவின் முட்டை ஈர மண்ணில் ஆண்டுக் கணக்கில் உயிரோடு கிடக்கக்கூடியது. கணக்குப் போட்டுப் பார்ப்பதும் எளிது. ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்குக் கால் கிலோ என்று வைத்தால், நாற்பது பேர் இரண்டு இரவு தங்கிய முகாம் இருபது கிலோவைக் கரையில் விட்டுவிட்டு வருகிறது. அது ஒரு வாரத்துக் கணக்கு.

புறப்பட்டது எங்கே போகிறது? சங்கமத்தைத் தாண்டினால் மேகதாது. அதைத் தாண்டினால் பிலிகுண்டுலு. அதற்கும் கீழே ஒகேனக்கல். புளோரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடித்துப் பல் பழுத்து, எலும்பு வளைந்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஜப்பான் நாட்டின் கடனுதவியோடு கூட்டுக் குடிநீர்த் திட்டம் அமைத்து 2013-ல் நீர் விட்டார்களே, அந்த நீர் எடுக்கப்படுவது இந்த ஒகேனக்கல்லில்தான். பெங்களூரில் கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்திருக்கும் நம்மவர்களில் எத்தனையோ பேருக்குச் சொந்த ஊர் பென்னாகரமும் பாலக்கோடும் அரூரும் ஊத்தங்கரையும். ஞாயிற்றுக்கிழமை மகன் கரையில் விட்டது, ஊரில் தாய் குடம் வைத்துப் பிடிக்கும் நீரை நோக்கிப் போகிறது. குழாய்க்கு வருமுன் அந்த நீரைச் சுத்திகரிக்கிறார்கள், குளோரின் போடுகிறார்கள் என்பது உண்மையே. ஒகேனக்கல்லில் பரிசல் தள்ளுபவனும், மீன் பிடிப்பவனும், எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்பவனும் குழாய் நீரில் நிற்கவில்லை.

துபாரேயில் விட்டால் அது தமிழ்நாட்டுக்குப் போய்ச் சேரும் முன் கிருஷ்ணராஜசாகரத்துக்குள் வரும். அதற்குக் கீழே எடுக்கும் நீரைத்தான் தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறக்குறைய 100 கி.மீ. தூரம் மேடேற்றிப் பெங்களூரின் பெரும்பகுதி குடிக்கிறது. ஆக, யாருடைய வாய்க்கு என்று பார்த்தால் இதில் கன்னடர், தமிழர் என்ற பேதம் இல்லை. காவிரி என்ற சொல்லைப் பேருந்தில் உரக்கச் சொல்லத் தயங்கிய நாட்களை நம்மவர்கள் மறக்கவில்லை. 1991-ம் 2016-ம் நினைவில் இருக்கின்றன. 177.25 டி.எம்.சி. என்ற எண் டீக்கடையில் இருப்பவனுக்கும் தெரியும். எவ்வளவு நீர் என்பதில் இரு மாநிலமும் காட்டிய அக்கறையில் பத்தில் ஒரு பங்கை எத்தகைய நீர் என்பதில் காட்டியிருக்கலாம்.

இங்கே ஒருவர் எழுந்து, பெங்களூர் நகரத்தின் சாக்கடை விருஷபாவதி வழியாக அர்க்காவதியில் விழுந்து, அர்க்காவதி சங்கமத்தில் காவிரியில் விழுகிறதே, அதன் முன் நாற்பது பேரின் கழிவு எந்த மூலைக்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. நகரத்துச் சாக்கடைதான் பெரிய குற்றவாளி. அதைச் சுத்திகரித்து விட வேண்டிய கடமையிலிருந்து அரசு தப்ப முடியாது. ஆனால் சாக்கடை கலக்கும் இடம் எது என்று தெரியும், அங்கே யாரும் குழந்தையைக் குளிப்பாட்டுவதில்லை. கரை மணலில் கிடப்பது கண்ணுக்குத் தெரியாமல், குழந்தை விளையாடும் இடத்திலேயே கிடக்கிறது.

அமெரிக்காவில் கொலராடோ ஆறு கிராண்ட் கான்யன் என்ற பெரும் பள்ளத்தாக்கினூடே ஓடுகிறது. அதில் படகேறி இரண்டு வாரத்துக்கும் மேல் பயணம் செய்பவர்கள் உண்டு. ஒரு காலத்தில் அவர்களும் கரை மணலில்தான் புதைத்தார்கள். 1963-ல் மேலே கிளென் கான்யன் அணை கட்டியதும், ஆண்டுதோறும் வெள்ளம் புது மணல் கொண்டுவந்து கரையைப் புதுப்பிப்பது நின்றது. இருக்கிற சிறு மணல்திட்டுகளில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கானோர் தங்க, தோண்டும் இடமெல்லாம் முன்பு தங்கியவர்களின் குழியாகவே வந்தது. 1970-களின் பிற்பகுதியிலிருந்து விதி மாறியது: மலம் முழுவதையும் பெட்டியில் அடைத்துப் படகிலேயே வெளியே கொண்டுவர வேண்டும். ராணுவத்தில் குண்டு வைக்கப் பயன்பட்ட இறுக்கமான மூடியுள்ள இரும்புப் பெட்டிகளை வாங்கி, அதன் மேலேயே உட்கார்ந்தார்கள். பெட்டியின் விளிம்பு தொடையில் கோடு போட்டுவிடுமாம். அந்தக் கோட்டை வைத்தே அதற்கு ஒரு வேடிக்கைப் பெயரும் உண்டு. லட்சாதிபதியானாலும் அங்கே போனால் அந்தப் பெட்டிதான். படகில் சோற்று மூட்டைக்கு இடம் ஒதுக்குவது போல அதற்கும் இடம் ஒதுக்குகிறார்கள்.

நம் நாட்டில் வேறு விதமாக முடிந்தது. ரிஷிகேஷுக்கு மேலே கங்கைக் கரை மணலில் முகாம்கள் பெருகியபோது, 2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கௌடியாலா முதல் ரிஷிகேஷ் வரை கரையில் முகாம் போடுவதற்குத் தடை விதித்தது. தாங்களே ஒழுங்கு செய்துகொள்ளாத இடத்தில் தடைதான் வரும். காவிரிக் கரையிலும் அந்த நாள் வந்தால் முதலில் மறிக்கப்படுவது குமாஸ்தாவின் வேனாகத்தான் இருக்கும். பணக்காரருக்கு எந்தத் தடையிலும் ஒரு விடுதி கிடைத்துவிடும்.

பெட்டியில் அடைத்துக் கொண்டுவருவதா என்று முகம் சுளிப்பவர்கள் ரயிலை நினைத்துப் பார்க்கலாம். வண்டி நிலையத்தில் நிற்கும்போது கழிவறையைப் பயன்படுத்தாதீர் என்ற பலகையைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். தண்டவாளத்தில் விழுவதுதான் ரயிலின் இயல்பு என்றிருந்தது. பின்னர் ராணுவ ஆராய்ச்சித் துறை உருவாக்கிய முறையில், கிருமிகளே மலத்தைத் தின்று தீர்க்கும் தொட்டிகளைப் பெட்டிகளின் அடியில் மாட்டினார்கள். 2019-20 வாக்கில் ஏறக்குறைய எல்லாப் பயணிகள் பெட்டிகளுக்கும் அது வந்துவிட்டது. இப்போது சென்னை வண்டியில் ஏறும் ஒவ்வொருவரும் சக பயணிகளின் கழிவுக்கு மேல்தான் உட்கார்ந்து போகிறார்கள். யாருக்கும் சோறு இறங்காமல் போகவில்லை.

வேனில் போகிற கூட்டத்துக்கு இரும்புப் பெட்டி தேவையில்லை. திருகு மூடி போட்ட இருபது லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று, மேலே வைக்க ஒரு கழிவறை இருக்கை, மரக்கடையில் ஒரு மூட்டை மரத்தூள், கொஞ்சம் சுண்ணாம்பு. நான்கு கழியில் பழைய புடவை கட்டினால் மறைப்பு. ஒவ்வொரு முறையும் இரண்டு கை மரத்தூள் போட்டு மூடினால் வாடையும் ஈயும் அடங்கும். வெள்ளைக்காரன் காகிதத்தில் துடைத்துவிட்டுப் போகிறான், நமக்குத் தண்ணீர் வேண்டும் என்பது உண்மைதான். கழுவுவதை டிரம்முக்கு வெளியே, நீரிலிருந்து அறுபது மீட்டர் தள்ளி ஒரு குழியருகே வைத்துக்கொண்டால் டிரம் நிரம்பி வழியாது. ஊர் திரும்பியதும் கழிவறையில் கொட்டிக் கழுவிவிடலாம். மரத்தூள் அடைக்கும் என்பதால் சிறிது சிறிதாகத் தண்ணீர் விட்டுக் கொட்ட வேண்டும்.

இதில் பெண்களின் பாட்டைத் தனியே சொல்ல வேண்டும். ஆண்கள் எங்கே வேண்டுமானாலும் ஒதுங்குகிறார்கள். பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு, பொழுது சாய்ந்ததும் இருவர் மூவராகப் புதருக்குள் போகிறார்கள். அந்தப் பகுதி வனவிலங்கு சரணாலயம். யானை உண்டு, ஆற்றில் முதலையும் உண்டு. உல்லாசப் பயணம் என்று அழைத்துப் போய் அவர்களுக்குக் கிடைப்பது இதுதான் என்றால், புடவை கட்டிய அந்த மறைப்பு ஒன்றே டிரம் வாங்கிய காசுக்கு ஈடு.

டிரம்மை யார் தூக்குவது என்ற கேள்விக்கு முன்பே விடை முடிவு செய்யப்பட வேண்டும். இல்லாவிட்டால் அது வேன் கிளீனர் பையன் தலையிலோ, கூடாரம் நடத்துபவரிடம் தினக்கூலிக்கு நிற்கும் ஆள் தலையிலோ விழும். அந்த ஆளும் பெரும்பாலும் நம்மைப் போல வேற்றூரிலிருந்து பிழைக்க வந்தவனாகத்தான் இருப்பான். மனிதன் கையால் மலம் அள்ளச் சொல்வதை 2013-ன் சட்டம் குற்றம் என்கிறது. தலைமுறை தலைமுறையாக அந்த வேலையைச் சில சாதிகளின் தலையில் கட்டிய நாட்டில், நதியைக் காப்பாற்றுகிறோம் என்று அதே வேலையைப் புதுப் பெயரில் கொண்டுவருவதைவிட முகாமே போடாமல் இருக்கலாம். போனவர்களே முறை வைத்துத் தூக்க வேண்டும், மூத்தவர், இளையவர், சூப்பர்வைசர் யாராயிருந்தாலும். பணம் வாங்கி முகாம் நடத்துபவர்களுக்கு மூடிய தொட்டியும், உறிஞ்சும் வண்டியும், கழிவைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் நிலையமும் உரிம நிபந்தனையாக வேண்டும். பெங்களூரை ஒட்டிய தேவனஹள்ளியில் கசடுக் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையம் 2015 முதல் இருக்கிறது. வழி தெரியாத காரியம் அல்ல. ஆற்றங்கரைத் தாலுகாக்களில் ஒன்று அமைத்தால் கிராமங்களுக்கும் உதவும்.

சங்கமத்தில் வண்டிகள் நிற்கும் இடத்திலும் முத்தத்தியிலும் நீர் வசதியோடு, பூட்டாத கழிவறைகள் போதுமான அளவு இருக்குமானால் பாதிப் பேருக்கு டிரம்மே வேண்டியிராது. வன இலாகாவும் ஊராட்சியும் ஒருவரை ஒருவர் காட்டிக்கொண்டிராமல் அடுத்த ஆடிப் பதினெட்டுக்குள் அதைச் செய்ய வேண்டும். நுழைவு வாயிலில் மது பாட்டிலுக்குப் பையைத் துழாவும் காவலர், அப்படியே இத்தனை பேர் வந்த வண்டியில் ஒரு டிரம் இருக்கிறதா என்றும் கேட்கலாம். அதுவரை, வரும் ஞாயிறு புறப்படும் வேன்களில் அண்டாவுக்குப் பக்கத்தில் அதற்கும் ஓரிடம் ஒதுக்குவது அவரவர் கையில் இருக்கிறது.