நர்ஸ் பிராக்டிஷனர்: பட்டம் வாங்கியாச்சு... பதவி எங்கே?

நள்ளிரவு. ஐசியூவில் ஒரு நோயாளியின் ரத்த அழுத்தம் திடீரெனக் குறைகிறது. முதலில் ஓடி வருவது நர்ஸ்தான். அவர் உடனே எதைச் செய்யலாம், எதற்கு டாக்டருக்காகக் காத்திருக்க வேண்டும்? இதை முடிவு செய்வது அவர் படித்த படிப்பு மட்டுமல்ல; சட்டமும் மருத்துவமனை விதிகளும்தான்.

என்ன படிப்பு இது?

தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் முதுநிலைப் படிப்பை இந்திய நர்சிங் கவுன்சில் 2016-17-ல் கொண்டுவந்தது. பி.எஸ்சி நர்சிங்கும் ஓராண்டு அனுபவமும் இருந்தால் சேரலாம். 2 ஆண்டுப் படிப்பில் 80% நோயாளியின் படுக்கையருகேதான்.

சிக்கல் எங்கே?

படிப்பு வந்த வேகத்தில் பதவி வரவில்லை. அதனால், படித்தவர் திரும்பவும் ஸ்டாஃப் நர்ஸ் டியூட்டிக்கோ, கல்லூரியில் பாடம் எடுக்கவோ போக வேண்டியிருக்கு. கற்ற திறமை வீணாகிறது, இழப்பு நோயாளிக்கும்தான்.

அமெரிக்காவில் எப்படி நடந்தது?

1965-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தைநல மருத்துவரும் இந்தப் பயிற்சியைத் தொடங்கினார்கள். இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் நர்ஸ் பிராக்டிஷனர்கள் டாக்டரின் மேற்பார்வை இல்லாமலே மருந்து எழுதலாம். அது தானாக வந்ததல்ல. டாக்டர் சங்கங்களின் எதிர்ப்பைத் தாண்டி, நர்ஸ் சங்கங்கள் மாநிலம் மாநிலமாகப் பேசிப் பெற்றது. கலிபோர்னியாவில் அதற்கான சட்டம் 2020-ல்தான் நிறைவேறியது. 55 வருஷம்!

நாம என்ன செய்யலாம்?

'டியூட்டி முடிஞ்சா தூங்கவே நேரமில்லை, இதுல சங்கம் வேறயா?' நியாயமான கேள்விதான். ஆனால், நேரம் முக்கியம். 1947-ம் ஆண்டு நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. தேசிய ஆணையமும் மாநில ஆணையங்களும் அமைக்க அது வழி செய்கிறது. விதிகள் எழுதப்படும்போது நாம் பேசாவிட்டால், நமக்காக வேறு யாரோ பேசுவார்கள்.

1908 முதல் இயங்கும் இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கத்தில் உறுப்பினராகலாம். ஜூனியர்களுக்குப் படுக்கையருகே சொல்லிக் கொடுக்கலாம். முக்கியமாக, நீங்கள் கவனித்த நோயாளிகளுக்கு என்ன ஆனது என்பதை, பெயர் விவரமின்றிப் பதிவு செய்து வையுங்கள். 'நோயாளியின் பாதுகாப்பு என்னாகும்?' என்று டாக்டர்கள் கேட்பதில் தவறில்லை. அதற்குக் கோஷத்தால் பதில் சொல்ல முடியாது, கணக்கு காட்டணும்.

பட்டம் தனி ஆளாக வாங்கலாம். பதவியை ஒன்று சேர்ந்துதான் வாங்கணும்.